இரவல் குருவி

பல்செட்டுக்காரர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிற மனிதர், தன் பல்லை மட்டும் உள்ளே பூட்டி வைத்திருந்தார். மொட்டை மாடியில் வளர்க்கும் ஃபின்ச் குருவிகளிடம்தான் அவர் குழைந்து பேசுவார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குருவிகள், மூக்கு மட்டும் ஆரஞ்சு நிறம். ரப்பர் பொம்மையை அமுக்கினால் வருமே, பீப் பீப் என்று, அதுதான் அவற்றின் பாஷை. அந்தச் சத்தம் கேட்டால் தூக்கம் போகிறது என்று யாராவது குறைப்பட்டால், "உங்க குறட்டையால அதுங்க தூக்கம் போகுது, அதுங்க வந்து சொல்லுச்சா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

காட்டில் தீப்பிடித்துப் புகை ஊருக்குள் இறங்கியபோது முதலில் பதறியவரும் அவர்தான். மற்றவர்கள் வானம் மஞ்சளாக இருக்கிறதே என்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூண்டு கூண்டாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இருப்பதே சின்ன அறை, காற்றை வடிகட்டுகிற மெஷினும் ஒன்றுதான். அத்தனை குருவிகளையும் அதில் அடைத்தால் புகை விட்டாலும் நெரிசல் விடாது. யோசித்துப் பார்த்து, தன் தளத்தில் இருந்த வீடுகளுக்கு ஆளுக்கொரு கூண்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதையும் உதவி கேட்கிற முகத்தோடு கொடுத்தாரா என்றால் இல்லை. உபகாரம் செய்கிற முகத்தோடு கொடுத்தார்.

"இது சும்மா குருவின்னு நெனைக்காதே. உன் வீட்டுக்குக் காவல்" என்றார் அதே தளத்தில் குடியிருந்த தையல்காரியிடம். "நாம ஒரு தடவை மூச்சு விடறதுக்குள்ள இது பல தடவை இழுத்து விடும். காத்துல விஷம் இருந்தா முதல்ல இதுக்குத்தான் ஏறும். இது உட்கார்ந்து கத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் உனக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது. விழுந்துச்சுன்னா உடனே வெளிய வந்துடணும். புரியுதா?"

"புரியுது அண்ணே."

"பத்திரம். எனக்கு ஒவ்வொண்ணும் பெத்த பிள்ளை மாதிரி. ஒண்ணு குறைஞ்சாலும் நான் மனுஷனா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

விழுந்தால் ஓடி வா என்று ஒரு பேச்சு, விழுந்தால் தொலைத்துவிடுவேன் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வந்தன. ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சு என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் போகிறவர்களுக்கு, கல் யார் தலையில் விழும் என்று பார்க்க நேரம் இருப்பதில்லை.

சட்டதிட்டங்களும் சொன்னார். ஜன்னல் விளிம்பெல்லாம் பழுப்பு டேப் ஒட்ட வேண்டும். கதவடியில் ஈரத்துண்டு. கொசுவர்த்தி கூடாது, எண்ணெய் காயவைத்துப் பொரிக்கக் கூடாது. குருவிக்குத் தினை தவிர வேறு எதுவும் போடக் கூடாது. முக்கியமாக, கதவைத் திறக்கவே கூடாது. "நான் காலையிலும் சாயங்காலமும் வருவேன். வெளியவே நின்னு காது வச்சுக் கேட்டுக்கறேன். குருவி சத்தம் கேட்டா நான் போயிடுவேன்." கொசுவர்த்தி வரைக்கும் நினைவு வந்தவருக்கு, கரி போட்டுத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. பல் கட்டுகிறவருக்கு அது ஏன் வரப்போகிறது?

தையல்காரியின் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். கூடத்தில் ஜன்னலோரம் கால்மிதித் தையல் மெஷின், அதை ஒட்டித் தேய்க்கிற மேஜை, மேஜைக்குக் கீழே வெட்டுத்துணி மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அவள் மகள் படம் வரைவாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், இழுப்புத் தொந்தரவு உண்டு. பனி பட்டாலே நெஞ்சு விசிலடிக்கும். வீட்டுக்காரன் தண்ணீர் லாரி ஓட்டுபவன், தீயணைக்கிற வேலைக்குக் காட்டுப் பக்கம் போய்விட்டான். போனவனிடமிருந்து ஃபோன் இல்லை. அந்தப் பக்கத்து டவர் எரிந்துவிட்டது என்று சொன்னார்கள். வெளியே ஒரு தீ, வயிற்றுக்குள் ஒரு தீ என்று அவள் இருந்தாள். இந்தப் பிள்ளை மூச்சுக்குத் திணறாமல் இந்தப் புகை போய்விட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே எண்ணம்.

அதனால் டேப்பை அவள் ஒட்டியதுபோல் யாரும் ஒட்டவில்லை. தையல்காரியின் கை அல்லவா? ஓரம் மடித்து, மூலை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரிசை. சமையலறை ஜன்னல், சுவரில் காற்றுப் போகிற ஓட்டை, பூட்டுத் துவாரம், எதையும் விடவில்லை. வந்து பார்த்த பல்செட்டுக்காரரே, "எறும்பு நுழையாது" என்று மெச்சினார். அவர் மெச்சுவது மழை பெய்வதுபோல் அபூர்வம். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் விடியும்போதே கரண்ட் இல்லை. மலைமேல் வரும் கம்பிகள் அறுந்துவிட்டதாகச் சேதி. தெருமுனைக் கிளினிக்கில் பிள்ளைகள் அளவு மாஸ்க் தீர்ந்துபோய், துணியிலாவது நாலடுக்கு வைத்துத் தைத்துக் கொடு என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். துணி இந்தப் புகைக்கு எந்த மூலைக்கு என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு ஒன்று. தைப்பதற்கு மெஷின் காலால் ஓடும். ஆனால் மாஸ்க்கில் மடிப்பு நிற்கவேண்டுமானால் தேய்த்துத்தான் ஆகவேண்டும். கரண்ட் இஸ்திரிப் பெட்டி செத்துக் கிடந்தது. பரணிலிருந்து பழைய கரிப் பெட்டியை இறக்கினாள்.

அதிலும் அவள் அஜாக்கிரதையாக இல்லை. அப்படிச் சொன்னால் பாவம். கரியை வீட்டுக்குள் பற்றவைக்கவில்லை. வாசலுக்கு வெளியே, மாடிப்படி முகப்பில் வைத்து விசிறினாள். புகை அடங்கி, கரி முழுதும் செக்கச்செவேலென்று தணலாகும் வரை இருமிக்கொண்டே காத்திருந்தாள். புகை ஒரு இழை கூட இல்லை என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தாள். கதவைச் சாத்தி ஈரத்துண்டைத் திரும்பச் செருகினாள். புகைதான் எதிரி, புகையில்லாத நெருப்பு என்ன செய்யும் என்று நினைத்தாள். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷம் ஒன்று தணலிலிருந்து கிளம்பும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. காற்றோட்டமான கடைகளிலும் மரத்தடிகளிலும் காலமெல்லாம் அந்த மாதிரிப் பெட்டியால் தேய்த்தவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லையே.

வெளியே பொழுது விடிந்ததும் தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழுத்த இலை நிறம். சாம்பல் துணுக்குகள் கண்ணாடியில் வந்து மோதிச் சத்தமில்லாமல் விழுந்தன. கூண்டை நடு வீட்டில் ஸ்டூல்மேல் வைத்திருந்தாள். குருவி கம்பிக்குக் கம்பி தாவி பீப் பீப் என்றது. மகள் பாயில் படுத்தபடி, அதற்குப் பதில் பீப் பீப் என்றாள். குருவி வந்ததிலிருந்து இதே வேலைதான். வாயைக் குவித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, அச்சு அசலாக அதே குரல். சில சமயம் அம்மாவுக்கே எது எதுவென்று தெரியாது.

"கொஞ்ச நேரம் சும்மா இருடி. அதுக்குத் தொண்டை கட்டிக்கும், உனக்கு இழுப்பு வந்துடும்."

"அது என்கிட்ட கதை சொல்லுதும்மா."

"என்ன கதை?"

"பல்செட்டு மாமா சிரிச்ச கதை."

தையல்காரி சிரித்துவிட்டாள். பெட்டியில் தணல் குறையக் குறைய, மூடியைத் திறந்து புதுக்கரித் துண்டு போட்டு மூடினாள். தேய்த்த மாஸ்க்குகள் ஒருபக்கம் ஏறிக்கொண்டே வந்தன.

எப்போது குருவிச் சத்தம் நின்றது என்று இருவருக்குமே தெரியாது. மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, குருவி கீழ தூங்குது."

ஸ்டூலருகே போய்ப் பார்த்தாள். கூண்டின் அடியில், தினை உமிக்கு நடுவே, இரண்டு கால்களும் மடங்கிக் கிடந்தது. விரலால் தொட்டாள். சூடு இன்னும் ஆறவில்லை. ஆனால் தொட்ட விரலுக்குத் தெரிந்துவிட்டது.

பல்செட்டுக்காரர் சொன்ன முதல் பேச்சு அப்போது அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவது பேச்சுதான் வந்தது. பெத்த பிள்ளை மாதிரி என்றாரே, ஐயோ, இரவல் பொருளாயிற்றே. தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகில் பிஸ்கட் தூள் கிடந்ததைப் பார்த்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பிஸ்கட் போட்டியா?"

பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது. "பசிக்குதுன்னு சொல்லிச்சும்மா. துளியூண்டுதான் போட்டேன். அதனாலதான் செத்துப்போச்சா? மாமா என்னை அடிப்பாரா?"

அவ்வளவுதான். காரணம் கையில் கிடைத்துவிட்டது. கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனசு வேறு காரணம் தேடப் போவதில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, கதவைத் திறப்போமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. திறந்தால் புகை வரும், பிள்ளைக்கு இழுக்கும். திறந்தால் அவர் கேட்பார், பிள்ளை அழுவாள். இரண்டுக்கும் மூடிய கதவே மேல். "யாரும் அடிக்க மாட்டாங்க. நீ பேசாம இரு" என்று சொல்லி, குருவியை ஒரு மாஸ்க் துணியில் சுற்றி, மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்குப் பின்னால் வைத்து மூடினாள். கரண்ட் வந்து கடை திறந்ததும் இதேமாதிரி ஒன்று வாங்கிக் கூண்டில் விட்டால் ஆயிற்று. குருவிக்குக் குருவி என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது!

கதவு தட்டப்பட்டது.

"தையல்காரம்மா, சத்தமே காணோமே? காவல்காரன் தூங்கிட்டானா?"

"இருக்குண்ணே. இப்பத்தான் தின்னுட்டு..." என்று இழுத்தாள். வெளியே அவர் காதைக் கதவில் அழுத்தும் சத்தம்கூடக் கேட்டது. அப்போது பின்னாலிருந்து பீப் பீப் என்று வந்தது. திரும்பினாள். மகள் பாயில் எழுந்து உட்கார்ந்து, வாயைக் குவித்து, கண்ணில் நீரோடு கூவிக்கொண்டிருந்தாள்.

"குரல் கம்மியா இருக்கே" என்றார் வெளியே. "தண்ணி மாத்தி வை." செருப்புச் சத்தம் அடுத்த வீட்டை நோக்கிப் போனது. அங்கேயும் நின்றது. எங்கிருந்தோ பீப் பீப் கேட்டது, மறுபடி நகர்ந்தது.

தாய் மகளைக் கட்டிக்கொண்டாள். "என் கெட்டிக்காரி" என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லி வளர்த்த அதே வாயால் சொன்னாள்.

"தலை வலிக்குதும்மா" என்றாள் மகள்.

"புகை எங்கயோ உள்ள வருது" என்றாள் தாய். அவளுக்கும் நெற்றிப் பொட்டில் யாரோ ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. எழுந்து போய், டேப்பை மூலைமூலையாகத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. நல்லவேளை பார்த்தேன் என்று அதன்மேல் இன்னொரு துண்டு ஒட்டி, கதவடித் துண்டைத் திரும்ப நனைத்துச் செருகினாள்.

மகளுக்குத் தலைவலி மாத்திரையில் பாதி கொடுத்துத் துணிமூட்டையில் சாய்த்துப் படுக்க வைத்தாள். உடனே தூங்கிவிட்டது பிள்ளை. கன்னத்தில் நல்ல நிறம் ஏறியிருந்தது. புகை வந்த நாளிலிருந்து வெளுத்துக் கிடந்த முகம் இன்றைக்குத்தான் கொஞ்சம் களையாக இருக்கிறது, இழுப்பும் இல்லை என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பெட்டிக்குப் புதுக்கரி போட்டாள்.

பிறகு வேலை ஓடவில்லை. கீழே விழுந்த குண்டூசியை எடுக்கக் குனியவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கால்கள் அவளுடையவை மாதிரி இல்லை. ஒரு மாஸ்க் பெட்டிக்கடியில் தீய்ந்த பிறகுதான் கையை எடுக்கத் தோன்றியது. உட்கார்ந்தால் தேவலை, படுத்தால் இன்னும் தேவலை, பிள்ளை பக்கத்தில் கொஞ்சம் படுக்கலாம் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தபோது கதவு தட்டப்பட்டது.

"தையல்காரம்மா!"

"ம்" என்றாள்.

"எங்கே, கூவச் சொல்லு."

பாயருகே மண்டியிட்டாள். "பாப்பா" என்று காதோடு சொன்னாள். "மாமா வந்திருக்காரு. ஒரு தடவை கூவும்மா. ஒரே ஒரு தடவை."

பெண் கூவவில்லை. தோளைத் தொட்டு அசைத்தாள். தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சரிந்தது. வாய் ஓரத்தில் எச்சில். கன்னம் மட்டும் இன்னும் அழகாகச் சிவந்திருந்தது.

"சத்தம் வரலையேம்மா" என்றார் வெளியே. குரலில் கோபம் ஏறத் தொடங்கியிருந்தது.

அப்போதும் அவள் செய்தது என்ன தெரியுமா? தன் வாயைக் குவித்தாள். அந்தக் கோபத்துக்குப் பயந்து, தானே கூவிவிடலாம் என்று பார்த்தாள். இழுக்க மூச்சு இல்லை. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. குவித்த வாயோடு, மகளின் முகத்துக்கு நேரே மண்டியிட்டிருந்த அந்த நேரத்தில்தான் வரிசை அவளுக்குப் புரிந்தது. முதலில் குருவி. அப்புறம் இது. அடுத்தது நான்.

எப்படிக் கதவுவரை போனாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. ஊர்ந்து போனாள் போலிருக்கிறது. ஈரத்துண்டை இழுத்தாள், தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவோடு சேர்ந்து அவளும் வெளியே விழுந்தாள். "பாப்பா" என்றாள்.

பல்செட்டுக்காரருக்குத் திட்டுவதற்கென்று திறந்த வாய் திறந்தபடி நின்றது. உள்ளே பார்த்தார், மேஜைமேல் கரிப் பெட்டியைப் பார்த்தார். அவளைத் தாண்டிப் பாய்ந்து, மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டு முகப்புக்கு ஓடினார். அங்கே பெரிய ஜன்னல். அதை மூடியிருந்த பாலிதீனைக் கையாலேயே கிழித்தார். மஞ்சள் புகை முகத்தில் அடித்தது. இத்தனை நாள் எதற்குப் பயந்து எல்லோரும் கதவை அடைத்தார்களோ, அந்தக் காற்றில் பிள்ளையின் முகத்தைக் காட்டி, முதுகில் தட்டி, "மூச்சு விடு, விடு கண்ணு" என்று கெஞ்சினார். தையல்காரி தவழ்ந்து வந்து மகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு இருமல். அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்து, மெல்லிசான குரலில் பிள்ளை அழத் தொடங்கியது. நெஞ்சு விசிலடித்தது. அந்த விசிலைக் கேட்டு ஒரு தாய் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"குருவி எங்கே?" என்றார் அவர், மூச்சு வாங்க.

"காலையிலயே செத்துப்போச்சுண்ணே."

"காலையிலயா? அப்போ நான் கேட்டது?"

அவள் மகளைப் பார்த்தாள். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் கறுத்தது. "செத்தா சொல்றதுக்குத்தானேம்மா குடுத்தேன்! அதுக்குத்தானே குடுத்தேன்! ஏன் சொல்லலை?"

"ஒண்ணு குறைஞ்சாலும் மனுஷனா இருக்க மாட்டேன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க."

அவளுக்குக் குத்திக்காட்டுகிற தெம்பெல்லாம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பல்செட்டுக்காரர் பிள்ளையை அவள் மடியில் கிடத்தினார். மெதுவாகத் திரும்பி, நடையைப் பார்த்தார். நீளமான நடை, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள், ஒவ்வொன்றின் கீழும் ஈரத்துண்டு. காலையில் ஒவ்வொன்றிலும் காது வைத்து, பீப் பீப் கேட்டு, திருப்தியாக நகர்ந்த கதவுகள்.

"எல்லாரும் கேளுங்க" என்று கத்தினார். குரல் உடைந்திருந்தது. "குருவி செத்திருந்தா கதவைத் திறந்து வெளிய வாங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிறகு, புதுசாகக் கல்யாணமாகி வந்த ஜோடியின் கதவு ஒருக்களித்துத் திறந்தது. அந்தப் பெண் ஒரு கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் இன்னொரு கையில் ஃபோனுமாக நின்றாள். "நேத்தே செத்துடுச்சு அங்கிள்" என்றாள் அழுதுகொண்டே. "பால் வச்சது அடுப்பிலேயே மறந்து பாத்திரம் கருகி வீடெல்லாம் புகையாயிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... ஃபோன்ல குருவி சத்தம் போட்டேன்."

அவர் டப்பாவை வாங்கவில்லை. "அந்த ஃபோன்ல முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றார். அதற்குள் அவர் கால் கடைசிக் கதவை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தது. அங்கே தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். டீ இல்லாமல் இருக்க முடியாத மனிதர். கரண்ட் போனதும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை எடுத்திருப்பார் என்று தையல்காரிக்கும் தெரிந்தது, பல்செட்டுக்காரருக்கும் தெரிந்தது.

"சார்" என்று தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார், இந்தமுறை இரண்டு கையாலும்.

"சார், குருவி போனாப் போகுது சார். நீங்க கதவைத் திறங்க."

உள்ளே சத்தமில்லை. தையல்காரி மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"தட்டிக்கிட்டு நிக்காதீங்கண்ணே" என்றாள். "உடைங்க."